பத்திரமாக வைத்த ஷூ

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நாற்பது வருடத்துப் பழைய பத்திரத்தைக் கேட்டாலும் என் அக்கா ஐந்தே நிமிடத்தில் எடுத்து நீட்டிவிடுவாள். வீட்டில் கதையே வேறு.

பள்ளி திறக்குமுன் வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தன் மகளின் புது ஷூவை எங்கோ எடுத்து வைத்தாள். எங்கே என்று கேட்டால், “பத்திரமா வெச்சிருக்கேன்” என்பதோடு சரி.

திறக்கும் நாள் காலையில் பரண், பீரோ, அரிசி டிரம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் சூட்கேஸுக்குள், மூன்று கவர் சுற்றிக் கயிறு கட்டிய புது ஷூ அகப்பட்டது. ஆனால் அது போன வருடம் தேடித் தேடிக் கிடைக்காத ஷூ! மகளுக்குப் பாதிக் கால்தான் நுழைந்தது.

அக்கா அசரவில்லை. “உன் தம்பிக்கு அடுத்த வருஷம் சரியா இருக்கும்.”

“இப்பவே மாட்டி விட்டுடும்மா,” என்றாள் மகள், பழைய செருப்பில் காலை நுழைத்தபடி. “தயவுசெஞ்சு பத்திரமா மட்டும் வெச்சிடாதே!”