இரண்டு தரம் வாசித்த கடிதம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பார். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வயல்வட்டையில் நாங்கள் வெள்ளாமை செய்யும் காணித் துண்டுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு எழுதியதும் நான்தான். பதில் வந்தது.

"பாத்துக்கொண்டிருக்காங்களாம் அப்பா. கொஞ்சம் பொறுக்கட்டாம்."

உண்மையில் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். முப்பது நாளைக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. விதைப்புக்கு உழுது முடித்திருந்த நேரம்; கேட்டால் மனம் உடைந்துபோவார் என்று நினைத்தேன். மேன்முறையீட்டை நானே எழுதி, ஏதோ படிவம் என்று சொல்லி ஒப்பம் வாங்கிவிடலாம் என்றிருந்தேன்.

அப்பா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு மாட்டுப்பட்டியடிக்குப் போனார். வழக்கமாகக் கடிதங்கள் என்னிடம்தான் இருக்கும். அடுத்த நாள் வந்த கமக்காரர் கூட்ட அறிவித்தலையும் அப்படியே கொண்டுபோனார். யாரிடமோ காட்டுகிறார். கடைத்தெருவில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன தம்பி, படிவமா?" என்றார்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"மனே, மேன்முறையீடு எண்டா என்ன?"

"ஆரு சொன்னது?"

"முதல்ல நீ சொல்லு."

சொன்னேன்.

"எத்தின நாளைக்குள்ள?"

"முப்பது."

"அதுவும் முப்பதெண்டுதான் சொன்னது."

கையைக் கழுவிவிட்டுக் கடிதத்தை விரித்தார். போனை அதற்கு மேலே பிடித்தார். ஒரு பெண்குரல் இலக்கம், திகதி, 'நிராகரிக்கப்பட்டுள்ளது' எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாசித்தது.

"போன மாசக் கூட்டத்தில ஏறாவூர் முஸ்லிம் காக்கா ஒராள் போன் வாசிக்கிறதக் காட்டித் தந்தவர். எனக்கு நம்பிக்கை வரல்ல. அக்காட கலியாண அழைப்புக் காட்டைக் குடுத்துப் பாத்தன். பேரெல்லாம் சரியாச் சொல்லிச்சு. பிறகுதான் உன்னச் சோதிச்சன்."

"மனசு நோகுமெண்டுதான் சொல்லல்ல, அப்பா."

"என்ட மனசு நோகுமெண்டு உனக்கு ஆரு வாசிச்சுச் சொன்னது?"

அன்று பின்னேரமே மேன்முறையீட்டைக் கையால் எழுதினேன். அப்பா போனைப் பிடித்தார். என் எழுத்து அதற்கு விளங்கவில்லை. இடைக்கிடை ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றது.

"நான் வாசிக்கிறன்."

"வேணாம். அச்சடிச்சுக் கொண்டு வா."

அச்சடித்த கடையிலேயே நான்கு தரம் வாசித்தேன். என் தமிழில் எனக்குப் பயமில்லை. அந்தக் குரல் ஒரு சொல்லை மாற்றி வாசித்தாலும் அப்பா என்னைத்தான் பார்ப்பார்.

பயந்தபடியே நடந்தது. காணியின் எல்லைகளைச் சொல்லும்போது ஒரு வரியை அது விட்டுவிட்டுப் போனது. முடிந்ததும் அப்பா தாளை நீட்டினார்.

"இப்ப நீ வாசி."

வாசித்தேன். பாதியில் கையை உயர்த்தினார். "வாய்க்கால் அதில வரல்லயே."

"அது விட்டிட்டு அப்பா. இங்க கிடக்கு."

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் போனைக் கிட்டக் கொண்டுபோனார்.

"வடக்கே வாய்க்கால்," என்றது குரல்.

இன்னொரு தரம் கேட்டார். பிறகு பேனையை வாங்கி ஒப்பம் வைத்தார்.