கல்யாண வீட்டுச் சிகரெட்

ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, கேரளத்தில் சிகரெட்டுக்கு வரி கூடுதலாக இருந்த சமயம். களியக்காவிளையில் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் என் பெட்டிக்கடைக்கு அங்கிருந்து ஸ்கூட்டரில் வந்து வாங்கிப் போவார்கள். எல்லோருக்கும் பெயரும் ஊரும் எழுதிப் பில் கொடுப்பேன். பெட்டிக்கடைக்கு எதற்குப் பில் என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத ஒரு காரணம் கிடைத்ததே என்று எழுதினேன்.

கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து ஒரு கொத்தனார் வாராவாரம் வருவார். மகளுக்குக் கல்யாணம், வருகிறவர்களுக்குத் தட்டில் வைக்க வேண்டும் என்று ஒருநாள் நாற்பது பாக்கெட் வாங்கினார். போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கேரளச் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்களாம், விற்கக் கொண்டுபோவதாகச் சந்தேகமாம். கல்யாண அவசரத்தில் பில்லை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நீ எதுக்குப் போகணும், உன்னையும் பிடித்து உட்கார வைப்பார்கள் என்றார் வீட்டுக்காரர். எனக்கும் பயம்தான். ஆனாலும் கடையைச் சாத்திவிட்டு, அந்தப் பில்லையும் நகல்கள் இருக்கும் பில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொத்தனார் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் வியாபாரி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

"வாரம் ரெண்டு பாக்கெட்டுக்கு மேல இவரு வாங்கினதே இல்ல சாரே. புக்கைப் பாருங்க. இன்னைக்குக் கல்யாணத்துக்காக்கும் இவ்வளவு" என்றேன்.

அவர் அவசரப்படாமல் பழைய பக்கங்களையெல்லாம் புரட்டினார். கல்யாணக் கார்டையும் வாங்கிப் பார்த்தார். அளவு அதிகம், அதனால் இங்கத்த வரியைக் கட்ட வேண்டும், அபராதம் வேண்டாம் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "நல்ல எழுத்து. எதுவரை படிச்சீங்க?" என்றார்.

பத்தாவது என்றேன். அதை நிமிர்ந்து நின்று சொன்னது அன்றுதான்.

கல்யாணத்தில் என்னைப் பெண் வீட்டாரோடு உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார் கொத்தனார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே வரி, ஸ்கூட்டர்கள் வருவதில்லை. கொத்தனாரின் மகள் மட்டும் சந்தைக்கு வந்தால், பிள்ளைகளோடு என் கடையில் கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டுத்தான் போவாள்.