ஒன்றரை அங்குலம்

ஒருவரைப் பற்றிப் பாதகமான குறிப்பு எதையும் எழுத்தில் பதிவதற்கு முன், தன் தரப்பைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அரசு அலுவலகங்களில் இதைவிட எளிய விதி கிடையாது. இதை மீறி வந்த கோப்புகளை முப்பத்துமூன்று வருடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக நான் ஓய்வு பெற்ற அன்றுகூட, அப்படி ஒன்றைத் திருப்பிவிட்டுத்தான் பிரிவுபசாரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு வருடம் கழித்து நானே அந்த விதியை மீறினேன். மீறிய இடம் நெடுமங்காடு பஸ் ஸ்டாண்டு. காரணம் ஒரு வில்.

வில் என் கைக்கு வந்தது கணவர் போன பிறகு. இங்கிலாந்தில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் இருந்தேன். அந்த ஊரில் ஞாயிறுதோறும் கிழவர்களும் கிழவிகளும் ஒரு புல்வெளியில் கூடி நெடுவில் எய்தார்கள். ஆள் உயர மர வில், மர அம்பு, இறகு. சக்கரம், குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனவளின் கையில் யாரோ ஒன்றைக் கொடுத்தார்கள். திரும்பும்போது முப்பத்திரண்டு ராத்தல் இழுவை உள்ள வில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் அது என்னவென்று விழித்த சுங்க அதிகாரிக்கு, அதை எந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன்.

மர அம்புகள் உடையும். நாலே மாதத்தில் கொண்டுவந்ததில் பாதி போயிற்று. சாலைக் கடைத்தெருவில் சித்தப்பா மகன் இரும்புக்கடை வைத்திருக்கிறான். அங்கே போய், நேரான குச்சி செதுக்கித் தர ஆள் உண்டா என்று கேட்டேன். மெஷின் பெல்ட் வாங்க வந்து நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"குச்சி எதுக்கு மேடம்?"

"அம்புக்கு அண்ணாச்சி."

"ஆரைக் கொல்லணும்?"

"லிஸ்ட் நீளம். சர்வீஸ்ல இருக்கும்போது முடியல்ல."

அவர் சத்தமாகச் சிரித்தார். போனக்காட்டில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறிய குடும்பம். மனைவி இல்லை. இரண்டு வாரத்தில் பன்னிரண்டு குச்சிகளோடு வந்தார். தேயிலைக்கு நிழலாக வைக்கும் சில்வர் ஓக் மரத்தில் செதுக்கியவை, ஒவ்வொன்றும் கோடு போட்டதுபோல இருந்தது.

நேராக இருந்தால் மட்டும் போதாது என்று நான் சொன்னதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாணை விட்டதும் மர அம்பு மீன் மாதிரி வளைந்து, வில்லின் நடுத்தண்டைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கப்புறம்தான் நிமிரும். விறைப்பு அதிகமானால் வளையாமல் இடப்பக்கம் போகும். குறைந்தால் வலப்பக்கம். வில்லுக்கும் எய்கிற ஆளுக்கும் ஏற்ற விறைப்பைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை அளக்க ஒரு வழி உண்டு. இருபத்தாறு அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின்மேல் குச்சியை வைத்து, நடுவில் இரண்டு ராத்தல் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். ராத்தல் என்று காதில் விழுந்ததும் சித்தப்பா மகன் பரணிலிருந்து ஒரு பழைய இரும்புப் படிக்கல்லை எடுத்துத் தந்தான். அண்ணாச்சி பலகையும் ஆணியும் அடித்துத் தந்தார். அடுத்த மாதம், மூங்கில் பட்டையைக் கமுகு மரச் சட்டத்தோடு ஒட்டி, தனக்கும் ஒரு வில் செய்துகொண்டு வந்து நின்றார். பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தோம். நாற்பது ராத்தல்.

அன்றிலிருந்து அந்த வில்லின் பெயர் 'நாப்பது'. "நாப்பதைக் கொஞ்சம் பிடிங்க மேடம்" என்பார், பிள்ளையைக் கைமாற்றுவதுபோல.

எய்வதற்கு இடம் கொடுத்தவள் என் பழைய டைப்பிஸ்ட். நெடுமங்காட்டுக்கு அப்பால் அவளுக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிது நடாமல் போட்டிருந்தாள். பின்னால் செம்மண் மேடு. அதன்முன் வைக்கோல் திணித்த சாக்கு. முப்பது தப்படி தூரம். என் கரமனை வீட்டுக்கும் அவருடைய போனக்காட்டுக்கும் நடுவில் அது இருந்தது வசதி. ஞாயிறு காலை நான் ஒரு பஸ்ஸிலும் அவர் ஒரு பஸ்ஸிலும் வந்து இறங்குவோம். டைப்பிஸ்ட் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே மலையாளத்தில் கேட்பாள்:

"ராமாயணம் தொடங்ஙியோ? இன்னு ஆரா ராவணன்?"

"சாக்குதான் சேச்சி. பாவம், ஒத்தத் தலை" என்பார் அண்ணாச்சி.

இப்படி இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். ஆறு அம்பு எய்து முடித்ததும் இருவரும் சாக்குவரை நடப்போம். அந்த முப்பது தப்படிக்காகத்தான் திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தேன் என்பதை அப்போது நான் எங்கும் பதிவு செய்யவில்லை. ரோட்டை மறித்த காட்டுப்போத்து, பேத்தியின் பரீட்சை, நின்றுபோன மோட்டார் என்று ஒரு வாரத்துச் செய்தியை அவர் போகும்போது பாதியும் வரும்போது பாதியுமாகச் சொல்வார். ஒரு உள்ளங்கையைச் சாக்கில் அழுத்திக்கொண்டு அம்பை மெல்லத் திருகி உருவுவார். சட்டை நுனியில் மண்ணைத் துடைத்து, என்னுடையதை இறகுப்பக்கம் என் பக்கமாக இருக்கும்படி நீட்டுவார். எங்கள் ஊர்களில் 'அண்ணாச்சி' என்பது கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் பொது. அதைவிடப் பொருத்தமான சொல் ஏதாவது உண்டா என்று நான் தேடவில்லை.

இரண்டாம் வருடக் கோடையில் அவருடைய அம்புகள் இடப்பக்கம் போகத் தொடங்கின. முதலில் நான்கு விரல், பிறகு ஒரு சாண்.

"காத்து மேடம்."

காற்று இல்லை. இறகைப் பார்த்தேன். வான்கோழியின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்தவைதான், கலப்பு இல்லை. நாணுக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, நாணை நாலு முறுக்கு ஏற்றினேன். மாற்றமில்லை. இறகு ஒட்டாத வெறும் குச்சியை எய்யச் சொன்னேன். இறகு இல்லாத குச்சி பொய் சொல்லாது. அது இன்னும் இடப்பக்கம் போய்ச் செருகிற்று. அம்பு அவருக்கு விறைப்பாகிவிட்டது என்று அர்த்தம். அவருடைய அம்பு பன்னிரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கல் தொங்கவிட்டு அளந்தேன். ஒன்றும் மாறியிருக்கவில்லை. நாப்பதைத் தராசில் மாட்டினோம். இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் அதே நாற்பது ராத்தல்.

மிச்சம் இருந்தது ஆள் மட்டும். அடுத்த ஞாயிறு அவருடைய அம்பில் அரை அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். அவர் இழுத்து நிறுத்தும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தேன். இருபத்தெட்டு அங்குலம் இழுத்த கை இருபத்தாறரையில் நின்றது. கடைவாயைத் தொட வேண்டிய விரல் கன்னத்துக்கு முன்னாலேயே நின்றுவிட, தலை மெல்ல முன்னுக்குப் போய் விரலைச் சந்தித்தது. அவர் கண் சாக்கிலேயே இருந்தது.

தோள் வலிக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டிருக்கலாம். எதுவும் கேட்காமல், உப்புத்தாள் போட்டு அம்புகளைக் கொஞ்சம் இழைத்து, விறைப்பைக் குறைத்துக் கொடுத்திருந்தாலும் போதும். அம்பு மறுபடி நடுவில் பாய்ந்திருக்கும், அவரும் காற்று நின்றுவிட்டது என்றிருப்பார். நான் வீட்டுக்குப் போய்க் குறிப்பு எழுதினேன். ஐந்து பத்தி, எண் போட்டு. ஒன்றாவதில் பிரச்சினை. இரண்டிலும் மூன்றிலும் நடத்திய சோதனைகள். நாலாவதில், எய்பவரின் இழுவை ஒன்றரை அங்குலம் குறைந்துள்ளது, இது வில்லையோ அம்பையோ சார்ந்த குறையல்ல. ஐந்தாவதில், முப்பது ராத்தல் வில்லுக்கு மாறுவது பரிசீலிக்கப்படலாம்.

நல்ல குறிப்புதான். இப்போது படித்தாலும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன், அதுதான் அவலம்.

அடுத்த ஞாயிறு திரும்பும்போது, நெடுமங்காடு பஸ் ஸ்டாண்டில் அதை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நாலாவது பத்தியில் கண் ரொம்ப நேரம் நின்றது.

"எல்லாம் எழுதியாச்சு, இல்லியா மேடம்?"

"பாத்து வச்சதை எழுதினேன், அவ்வளவுதான்."

"ஆபீஸ் காப்பி உண்டோ?"

"உண்டு" என்றேன். இருந்தது.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆயிக்கோட்டே, இருக்கட்டும்" என்றபடி, நாப்பதைத் துணியில் சுற்றிக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. டைப்பிஸ்ட் காரணம் கேட்டாள், சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்பெய்யான் வந்ந மனுஷனு மெமோ கொடுத்தோ? சாரே, நிங்ஙள் இதுவரெ ரிட்டயர் ஆயிட்டில்ல, கேட்டோ!"

ஆபீஸில் ஆண் பெண் எல்லோருமே அவளுக்கு 'சார்'. நான் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்பதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

போனில் கூப்பிட்டேன். அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் வருவது மலைமேகத்தின் தயவு. எல்லைக்கு வெளியே என்றே பதில் வந்தது. தனியாக எய்து பார்த்தேன். சாக்குவரை நடந்துபோய்த் திரும்ப எவ்வளவு கொஞ்ச நேரம் ஆகிறது என்று தெரிந்தது.

இடவப்பாதி மழை, கேரளத்தின் பருவமழை, தொடங்கியது. ஒரு நாள் மனசு கேட்காமல் போனக்காட்டு வழியில் வித்துராவரை போய்விட்டேன். சந்தை முக்கில் போனக்காட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. எதிர்க் கடையில் சாயா குடித்தேன். குறிப்பு எழுதிக் கொடுத்தவள், சம்பந்தப்பட்டவரின் வீட்டுக்கு நேரில் போவது முறையல்ல என்று எனக்கு நானே ஒரு விதி உண்டாக்கிச் சொன்னேன்.

"அம்மே, கேறுன்னுண்டோ?" கண்டக்டர் கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். பஸ் போயிற்று. நனைந்த தேயிலைக் கூடைகளோடு கடைசி சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இன்னொரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று சாயங்காலமே உப்புத்தாளை எடுத்தேன். அவர் நாப்பதுக்கென்று செதுக்கியதில் இறகு ஒட்டாத ஆறு குச்சி என்னிடம் இருந்தது. நுனியிலிருந்து பின்பக்கம் வரை ஒரே சீராக இழைக்க வேண்டும். இழைத்து, படிக்கல் தொங்கவிட்டு, அளந்து, மறுபடி இழைக்க வேண்டும். மழை ஈரத்தில் குச்சி வளைந்துகொண்டே இருந்தது. அடுப்புத் தீயில் காட்டி, கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்தினேன். ஒன்று கருகிற்று, அதையும் சுரண்டிச் சரிசெய்தேன். இருபத்தாறரை அங்குலம் இழுக்கிற ஒரு கை எப்படி இருக்கும் என்று தெரிய, என் வில்லை அந்த அளவுக்கு மட்டும் இழுத்து நிறுத்திப் பார்த்தேன். இறகு ஒட்டி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று.

கூட வைத்த கடிதத்தில் எண் போடவில்லை. 'அண்ணாச்சி, வாயால் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. இந்த ஆறையும் நாப்பதில் எய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது.' முப்பத்துமூன்று வருட சர்வீஸையும் சேர்த்து, நான் எழுதியதிலேயே மிகச் சிறிய வரைவு. நாலு முறை திருத்தினேன். ஆபீஸ் காப்பி எடுக்கவில்லை.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். எட்டாம் நாள் அட்டை திரும்பி வந்தது, அவர் கையெழுத்தோடு. வலப்பக்கம் சாய்ந்த, அழுத்தமான கையெழுத்து. ஒப்புகை என்பது பதில் ஆகாது என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அந்த அட்டையை மேஜைக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். மலையாளக் கணக்கில் மிதுன மாதம் முடிந்து கர்க்கடகம் வந்தது. தபால்காரன் மின்சார வாரியத்தின் கடிதத்தையும் பென்ஷன்காரர் சங்கத்தின் அறிக்கையையும் கொண்டுவந்தான். அவன் சைக்கிள் தெருமுக்கில் திரும்பும்போது கேட் அருகே செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டு நின்றேன், கொட்டுகிற மழையில்.

கடைசியில், சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறந்த பிறகு வந்தது ஓர் இன்லண்ட் கடிதம். எட்டே வரி.

'மேடத்துக்கு. அம்பு ஆறும் கிடைத்தது. ஃபேக்டரிக்குப் பின்னால் மண் திட்டில் எய்து பார்த்தேன், ஆறும் நடுவில் போகிறது. எவ்வளவு இழைத்தீர்கள் என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. தோள் விஷயம் எனக்குப் போன வருஷமே தெரியும். அது அம்புக்கும் தெரிந்துபோகும் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். மழை விட்டதும் ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன்.'

அலுவலக வழக்கில் இதை இடைக்காலப் பதில் என்போம். மழை எப்போது விடும் என்பதற்கு யாரும் கெடு விதிக்க முடியாது. இரண்டாவது முறை படிக்கும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு, வரும் கடிதத்தில் வரவுத் தேதி எழுதும் பழைய பழக்கத்தில், பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: சிங்கம் மூன்று, செவ்வாய்க்கிழமை.