பச்சையில் சிவப்புக் கோடு

"இடது பக்கம் போடுங்க... ம்... இப்ப அணைங்க. மறுபடி போடுங்க."

குரல் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வருகிறது. வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். காரின் கதவுக்கு வெளியே நீண்டு, ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கால்களைப் பார்த்தே வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நல்லபடியாகப் போனால் கட்டைவிரல் ஆடும். சிக்கினால் நின்றுவிடும். வந்தவர்களெல்லாம் கால்களோடு பேசிப் பழகிவிட்டார்கள். ஒருவர் கால்களுக்கே கும்பிடு போட்டுவிட்டுப் போனதைப் பக்கத்து டயர் கடைக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பழைய கார்களின் வயரிங்தான் அந்தக் கால்களுக்கு உரியவருக்குப் பிழைப்பு. இடது இண்டிகேட்டரைப் போட்டால் டேஷ்போர்டு முழுக்கச் சேர்ந்து கண்சிமிட்டும் கார், ஹாரன் அடித்தால் முகப்பு விளக்கு மங்கும் கார் என்று மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த வண்டிகளெல்லாம் கடைசியில் இவர் வாசலில் வந்து நிற்கும். கரண்டைப் பற்றி அவர் பேசுவது, வழி தவறிய சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "எர்த் சரியில்லைன்னா அது என்ன பண்ணும், பாவம்? வீட்டுக்குப் போற வழி அடைச்சிருக்கு. அடுத்த வீட்டுக்குள்ள பூந்து கொல்லைப்பக்கமா போகுது. நாம அதைத் திட்டுறோம்."

பிரித்த வயர் ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல் கட்டி முடிச்சுப் போட்டுவைப்பது அவர் வழக்கம். இடதுக்கு ஒரு முடிச்சு, வலதுக்கு இரண்டு, பிரேக்குக்கு மூன்று. இதனாலேயே முடிச்சு மாஸ்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஆளே கிடையாது என்று எல்லோரும் மெச்சுவார்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார். முடிச்சுக்குக் காரணம் ஒழுங்கு அல்ல. அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் சிவப்பு நூல்கண்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். மனிதர் பச்சையை வாங்கிக்கொண்டு வந்து, மிடுக்காக நீட்டியிருக்கிறார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கு மறுநாளிலிருந்து, வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்துவிடுகிறார்.

மாஸ்டர் ஒரு வயரை இழுத்து, "இவன் யாரு?" என்பார்.

"பச்சை. சிவப்புக் கோடு."

"இவன்?"

"அவனும் பச்சைதான். காப்பிக்கொட்டை நிறத்துல கோடு. என்னங்க, ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கானுங்களே!"

"எனக்கு எல்லாருமே ரெட்டைப் பிள்ளைதான்" என்று டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பதில் வரும்.

வேலை முடிந்ததும் அம்மாள் காரின் பின்னால் போய் நின்றுகொள்வார். இவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, "எரியுது... இதுவும் எரியுது..." என்று பின்னாலிருந்து குரல் வரும். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். பார்ப்பவர்களுக்கு அது ஒற்றுமையான குடும்பம். ஒற்றுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. "நிறம் தெரியாதவன்கிட்ட யாரு வயர் வேலைக்கு வருவா? விஷயம் வெளிய வந்துச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்று மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனார். இவர் வயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேர வேலையை அரை நாளாக்கிச் சமாளித்துவந்தார். ரொம்பவும் முடியாதபோது போனில் வயரைக் காட்டி, நிறம் கேட்டுக்கொள்வார்.

அப்போதுதான் ஸ்கூல் வண்டி அக்காவின் கார் வந்தது. தினமும் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பழைய கார். இடது இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், பின்பக்கம் போகிற வயர்களை யாரோ முறுக்கி டேப் சுற்றிவைத்திருக்க, அந்த இடமே கருகியிருந்தது. எது எதோடு என்று பார்த்து முடிச்சுப் போட வழியில்லை; கருகியதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். அங்கேதான் அந்த ரெட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டருக்கு. காப்பி நிறக் கோடு, கார் பின்னோக்கி வரும்போது எரிகிற வெள்ளை விளக்குக்கு.

காலையில்தான் மகளுக்கு வலி கண்டிருந்தது. "அங்க பிள்ளை துடிச்சிட்டிருக்கு. அந்த நேரத்துல கூப்பிட்டு, சிவப்பா காப்பியான்னு கேக்கிறதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் கருத்துத் தெரிந்ததைக் காப்பி என்று முடிவு செய்து சேர்த்துவிட்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டார். டேஷ்போர்டு அம்பு இமைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்சுவரில் வெளிச்சம் விட்டுவிட்டு விழுந்தது. எந்த விளக்கின் வெளிச்சம் என்று இறங்கிப்போய்ப் பார்க்கவில்லை. பின்னால் நிற்பது அவர் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அக்கா நேரே கடைக்கு வந்தாள். சாவியை நீட்டவில்லை. கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன மாஸ்டர் பண்ணிவெச்சிருக்கீங்க? இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டா, பின்னாடி ரிவர்ஸ் லைட் மினுக்குது. பின்னாடி பைக்ல வந்த மனுசன், நான் பின்னுக்கு வரேன்னு பயந்து பிரேக் அடிச்சு விழுந்துட்டாரு. முழங்கையெல்லாம் ரத்தம். வண்டியில ஏழு பிள்ளைங்க அழுவுதுங்க. உங்களை நம்பித்தானே விட்டேன்?"

அவர், "அந்த ஆளுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எழுந்து நடந்துதான் போனாரு. போகலைன்னா?"

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி.

"பாட்டனாயிட்டீங்க, தெரியுமா! விடியற்காலையில பொறந்தா. தாயும் பிள்ளையும் சுகம்... என்னங்க, குரலே காணோம்? வயர் ஏதும் பாக்கணுமா? காட்டுங்க, நான் சும்மாத்தான் இருக்கேன்."

யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. போனோடு டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்துவிட்டால் போதும். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பின்சீட்டில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்திருந்தாள். மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"வேணாம்மா. நீ பாப்பாவைப் பாரு. நான் பாத்துக்கிறேன்" என்று போனை வைத்தார்.

மறுபக்கக் கதவைத் திறந்து, படுத்து, உள்ளே போனார். டேப்பைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டையும் இடம் மாற்றினால் போதும்தான், ஆனால் இன்னொரு குத்துமதிப்புக்கு அவருக்கு மனம் வரவில்லை; வெளியே நீண்டிருந்த கட்டைவிரல் ஆடாமல் நின்றது. டயர் கடைக்காரர்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா."

"சொல்லுங்க."

"எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது. பொறந்ததுலேருந்தே. என் வீட்டுக்காரிதான் பாத்துச் சொல்லுவா. நேத்து அவ இல்ல. நான் குத்துமதிப்பா போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

டயர் கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேற கடைக்கு எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, நான் எதுவும் நினைக்கமாட்டேன். இங்கேயே சரிபண்ணணும்னா, இது ரெண்டும் என்ன நிறம்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அவள் தண்ணீர் பாட்டிலை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். காரைச் சுற்றி வந்தாள். சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவோரம் மண்டியிட்டுக் குனிந்தாள்.

உள்ளே அவர் கையிலிருந்த டார்ச் விளக்கைத் தன் முகத்திலிருந்து விலக்கி, அவள் பார்க்கும்படி அந்த இரண்டு வயர்கள்மேல் திருப்பிவிட்டு, அவள் தலைக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தார்.