சுடரை மட்டும் நான் வைத்தேன்

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால் காபி கடைகளும் வாடகை அறைகளும் வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவில் ஓர் ஓவியக் கூடம். கடை என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். அங்கேதான் எனக்கு வேலை. சென்னையில் ஓவியம் படித்து முடித்து, கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தவள் நான். என் படிப்புக்கு இந்த ஊரில் வேறு வேலை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தேடியும் பார்க்கவில்லை என்பதைச் சொன்னதில்லை.

கூடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக விற்கிற படம் ஒன்று உண்டு. பாவாடை சட்டை போட்ட சின்னப் பெண் ஒருத்தி, கையில் அகல் விளக்கோடு மழையில் நிற்கிறாள். அவளை ஒட்டி ஒரு கன்றுக்குட்டி. பின்னால் மலை, மலைமேல் தீபம். அவள் கன்னத்தில் ஒரு சொட்டு நீர். அது மழையா கண்ணீரா என்பதைப் பார்க்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். அத்தனை மழையில் விளக்கு எப்படி அணையாமல் எரிகிறது என்று யாரும் கேட்டதில்லை.

படம் சென்னையில் கேன்வாஸ் துணியில் அச்சாகி, சுருட்டி வரும். அதை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிறகு என் வேலை தொடங்கும். தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரு பசையைப் பூசுவேன். காய்ந்ததும் விளக்கின் சுடரில் மஞ்சள், கன்னத்துச் சொட்டில் வெள்ளை, கன்றின் மூக்கில் ஒரு பளபளப்பு. அவ்வளவுதான். தொட்டுப் பார்க்கிறவர்களின் விரலுக்கு மேடு பள்ளம் தட்டுப்படும். கையால் வரைந்தது என்று நம்பிவிடுவார்கள்.

எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. குழந்தை, கன்று, மழை, விளக்கு என்று மனசை இளக்கக்கூடிய எதையும் பாக்கி விடாமல் ஒன்றாகத் திணித்து, அழு, அழு என்று ஆளைப் போட்டு உலுக்குகிற படம் அது. கல்லூரித் தோழிகளோடு போனில் பேசும்போது அவளுக்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தேன். அதன் முன்னால் நின்று "உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு" என்று உருகுகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவேன். தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மறுநாள் போய் இன்னொரு சுடர் வைப்பேன்.

என் கணவரின் அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிறார். அவரும் அவர் வீட்டுக்காரரும் விவசாயம். மல்லாட்டையும் நெல்லும் போடுகிறார்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பகலில், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணி கூடத்துக்கு வந்துவிட்டார். நான் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, அழுமூஞ்சிப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இது நீ வரைஞ்சதாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "இங்க இருக்கறது எல்லாமே இவங்க கை பட்டதுதாங்க."

"புது வூட்டு ஹாலுக்கு இதான்" என்றார் அண்ணி.

"வேணாம் அண்ணி. இதவிட நல்லதா வேற பாக்கலாம்."

"ஏன், எனக்குக் குடுக்க மாட்டியா?"

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் அவரைத் தடுக்கத்தான் பார்த்தேன். ஆனால் அவர் ஏமாறுகிறாரே என்று தடுக்கவில்லை. அந்த அசிங்கம் எங்கள் குடும்பத்து வீட்டில் மாட்டப்படப் போகிறதே என்றுதான் தடுத்தேன். அச்சு என்ற ஒரு வார்த்தை போதும். அது என் வாயிலிருந்து வரவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று போனபோது வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் படம் மாட்டியிருந்தது. சட்டத்துக்கு மல்லிகைச் சரம்கூடச் சுற்றியிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரையும் அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். "எங்க தம்பி பொண்டாட்டி வரைஞ்சது. மெட்ராஸ்ல படிச்சுது." பெண்கள் என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்கள். தன் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று ஒருத்தர் கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டு, அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அண்ணி வீட்டுக்காரரின் உறவில் ஒரு பெண் உள்ளே வந்தாள். திருவண்ணாமலையில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். படத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கூவினாள். "ஐ, இதே படம் எங்க கிளினிக்லயும் கீது!"

"ஏன், ஒருத்தி ரெண்டு படம் வரையக் கூடாதா?" என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் போனை எடுத்து, ஆயுத பூஜையன்று கிளினிக்கில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். போன் கை மாறிப் போயிற்று. கன்றின் காது மடிந்திருப்பதும், பாவாடைக் கரையில் இருக்கிற ஒரு சுருக்கமும் அச்சு அசலாக அப்படியே இருந்தன.

"ஜெராக்ஸ் எடுத்த மாதிரியே கீதே" என்றார் யாரோ.

"ஏம்மா, பிரிண்டா இது?" என்று இன்னொருவர் என்னையே கேட்டார்.

"மேல பெயின்ட் இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் போய்ச் சுடரை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் ஒரு சின்னச் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் அதே மஞ்சள், அதே சுடர், வழவழவென்று அச்சில் இருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டன. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க மாமா" என்றார் அண்ணி. "இலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க."

இலை இன்னும் போடவில்லை. அது எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

பந்தி முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அண்ணி வந்தார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"உள்ளதச் சொல்லு. அதுல நீ இன்னா பண்ண?"

"சுடரை மட்டும் நான் வெச்சேன் அண்ணி. அப்புறம் அந்தச் சொட்டு. கன்னுக்குட்டி மூக்கு."

அவர் ஒரு குண்டானை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கோபமாக இருந்திருக்கலாம். முகத்தில் தெரியவில்லை.

"சரி, போவட்டும். நீயா வரைஞ்சதுன்னு எதனா இருக்குமில்ல? அதக் குடு. அத மாட்டிக்கிறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு படம்கூட வரையவில்லை. கல்லூரியில் வரைந்தவையெல்லாம் அம்மா வீட்டுப் பரணில் கரையான் அரித்துப் போய்விட்டன. இத்தனை வருஷமாக அழுமூஞ்சியைப் பார்த்து நான் சிரித்ததெல்லாம், வரையாத படங்களின் தைரியத்தில்தான். ஈரக் கையோடு அங்கே உட்கார்ந்திருந்தபோது அது உறைத்தது. பொய் வெளிப்பட்டதைவிட இதுதான் கேவலமாக இருந்தது.

"வரைஞ்சு தரேன் அண்ணி" என்றேன்.

அவர்கள் களத்தைத்தான் வரைந்தேன். பிடுங்கிக் குவித்த மல்லாட்டைச் செடி, பக்கத்தில் நீலத் தார்ப்பாய், உச்சி வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் ஆய்கிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் முடிந்த பிறகு உட்காருவேன். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுடரும் சொட்டும் வைத்துப் பழகிய விரல்கள் எதைத் தொட்டாலும் மினுக்கத்தான் பார்த்தன. அழித்து அழித்துப் போட்டேன். முடிந்தபோது சுமாராகத்தான் வந்திருந்தது. ஆனாலும் என்னுடையது. பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அண்ணி படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, தள்ளி நின்று பார்த்தார்.

"இந்தப் பச்சைப் புடவை நான்தானே?"

"ஆமா அண்ணி."

"நல்லாத்தான் கீது." கொஞ்சம் யோசித்தார். "கோச்சிக்காதமா. நாளெல்லாம் களத்துல குந்திக்கினு இருந்துட்டு வந்து, வூட்லயும் அதையே பாக்கணுமா? அந்தப் பாப்பாவப் பாத்தா மனசு கொஞ்சம் எளகுது. பிரிண்டுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

என் படத்தை விதை மூட்டைகள் அடுக்குகிற அறையில் மாட்டினார். அழுமூஞ்சி ஹாலிலேயே இருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். எனக்குக் கோபமாக வந்தது. இவங்களுக்கெல்லாம் என்ன தெரியும், எதைக் கொடுத்தாலும் கன்றுக்குட்டிதான் வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியங்கள் தாமாகவே சேர ஆரம்பித்தன. தோழிகளிடம் அதை எப்படிச் சொன்னால் ஜாஸ்தி சிரிப்பு வரும் என்றுகூட யோசித்துவிட்டேன். இலை போட்டாச்சு என்று சொல்லி என்னைக் காப்பாற்றியவரைப் பற்றித்தான் இந்த யோசனை. பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, தலை சுத்துதா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தோழிகளுக்கு நான் போன் செய்யவில்லை.

இப்போதும் அந்தக் கூடத்தில்தான் வேலை செய்கிறேன். அந்தப் படம் எனக்கு இன்னும் பிடிக்காது. அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை, மாற்றிக்கொள்ள வேண்டுமென்றும் தோன்றவில்லை. நீங்க வரைஞ்சதா என்று யாராவது கேட்டால், இல்லைங்க, அச்சு, மேலே கொஞ்சம் தீட்டுவேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். அச்சு என்றதும் சிலர் வாங்காமல் போய்விடுகிறார்கள். சிலர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கட்டிக் கொடுங்க என்கிறார்கள். நான் குனிந்து கட்டிக் கொடுக்கிறேன்.