லீவு போட்ட சனிக்கிழமை

எம்.ஏ. சேர்வதற்கு விருதுநகர் கல்லூரிக்குப் போனபோது எனக்கு நாற்பத்தியொரு வயது. ஆபீசில் இருந்த கிளார்க் விண்ணப்பத்தை வாங்காமலே, "பாப்பாவுக்கா, பையனுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி, சர்டிபிகேட்டை எடுங்க என்றார்.

என்னிடம் இருந்த காகிதங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கல்யாணமாகி, பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதினேன். கணக்கில் இரண்டு தடவை தவறியதால் அதற்கே மூன்று மார்க் ஷீட். பன்னிரண்டாவதும் தனித்தேர்வு. பி.ஏ. பொருளியல் தபால் வழியில். இதெல்லாம் போக, கம்பெனியில் போர்மேன் பயிற்சி முடித்ததற்கு ஒரு சான்றிதழும் அந்தக் கவருக்குள் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்து, இது இங்க வேண்டாம்மா என்று தனியாக வைத்தார். டி.சி. கேட்டார். தபாலில் படித்தவளுக்கு யார் டி.சி. கொடுப்பார்கள்? அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும்வரை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேர்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தாலும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருப்பேன். அவர் வந்து, சேர்த்துக்கிடலாமாம் என்றார். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கல்லூரி யோசனை என்னுடையதல்ல, என் வீட்டுக்காரருடையது. அவர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறார். இரண்டு வருஷமாக நான் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாமல் இருந்ததைப் பார்த்து, அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார், அவரே பெயரை எழுதினார். கையெழுத்து மட்டும் போடு என்றார். போட்டேன். அப்போது என்னிடம் யாராவது வேறு ஏதாவது காகிதத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்லிக் காரணம் விளக்குகிற தெம்பு என்னிடம் இல்லை.

அந்த இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் திரி வைக்கிற அறையில் எனக்கு வேலை. அறைக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும், எங்கள் அறையிலும் நாலு பேர்தான் இருந்தோம். என் சேக்காளி ஒருத்தி பேக்கிங் ஷெட்டில் இருந்தாள். காலையில் ஒரே வேனில் வருவோம், மதியம் சோற்றுச் சட்டியை ஒன்றாகத் திறப்போம். என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னை அக்கா என்பாள், அவள் மகள் என்னைப் பெரியம்மா என்பாள். அந்தச் சனிக்கிழமை எனக்கு விருதுநகரில் பி.ஏ. கடைசி வருஷத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டிய காண்டாக்ட் வகுப்பு. சீசன் நேரம், லோடு ஏற வேண்டும், ஆள் மாற்றி வைக்காமல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். மூன்று மணி வாக்கில் அந்த அறை வெடித்தது.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில், கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. டீக்கு விட்டபோது எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரரிடமிருந்து ஏகப்பட்ட அழைப்புகள். கூப்பிட்டேன். எங்கன இருக்க என்று கேட்டார். வகுப்பில் என்றேன். திரும்பவும் எங்கன இருக்க என்று கேட்டார். காலையில் அவர்தான் என்னை பஸ் ஏற்றிவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரி, சூலக்கரையிலிருந்து வந்த கலெக்டர் ஆபீஸ் அதிகாரிகள், போலீஸ், கம்பெனிக்கு வைத்த சீல் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்ததுபோலத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருத்திதான் பிழைத்தாள், அது என் சேக்காளி இல்லை. என்னைக் கட்டிப்பிடித்து, நீ தப்பிச்சிட்டயே என்று அழுதவர்கள் உண்டு. எனக்கு அழுகை வரவில்லை. ஆள் குறைந்ததால் சேக்காளியைப் பேக்கிங்கிலிருந்து மாற்றி உட்கார வைத்தார்கள் என்று மேனேஜர் சொன்னதாகப் பேச்சு வந்தது. ஊரில் எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

விட்டுப்போன இரண்டு பேப்பரை மறு வருஷம் போய் எழுதினேன். படிக்காமலே எழுதினேன், பாஸாகிவிட்டது.

கல்லூரியில் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரிப்பு எழுந்தது, கெட்ட சிரிப்பு இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டேன். ஜன்னல் ஓரத்து இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. பின்னலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. என் சேக்காளியின் மகள்.

அவள் சாத்தூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். அம்மா போன பிறகு அவளைச் சித்தப்பா வீட்டில் வைத்திருந்தார்கள். இங்கே வந்து இதே படிப்பில் சேருவாள் என்று நினைக்கவில்லை. மறுநாள் வராமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் காலையில் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தார், நான் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் பருவம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. முறைக்கவும் இல்லை. வருகைப் பதிவு நோட்டை என் பக்கம் தள்ளும்போதுகூட ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பாடம் நடத்துவார்கள், எழுதிக்கொள்வேன். வரைபடம் போட்டு விளக்கும் இடங்கள் மட்டும் புரியாது. பழைய கணக்குதான் மறுபடி வந்து நின்றது. மதியம் தனியாகச் சாப்பிடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சாயங்காலம் சொல்லத் தெரியாது.

இரண்டாம் பருவத்தில் தொழிலாளர் பொருளியல் என்று ஒரு பாடம். எடுத்த மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனசுக்காரர். ஒருநாள் பட்டாசுத் தொழில் பற்றிப் பேச்சு வந்தபோது, நம்ம வகுப்பிலேயே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவங்க இருக்காங்க, புத்தகத்தில் இல்லாததை அவங்க சொல்லட்டும் என்று என்னை முன்னால் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. பெஞ்சிலிருந்து எழுந்தபோது முடியாது என்று சொல்ல நினைத்தேன். கால் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

சொன்னேன். வேன் எத்தனை மணிக்கு வரும், செருப்பை எங்கே விடுவோம், பருத்திச் சேலை ஏன் கட்டுவோம், அறைக்கு எத்தனை வாசல், எதற்கு அத்தனை வாசல், மருந்துத் தூசி நகக்கண்ணில் ஏறினால் எத்தனை நாள் போகாது என்றெல்லாம். வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல என் குரல் எனக்கே கேட்டது. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவன், அக்கா, நீங்க வெடிவிபத்தை நேர்ல பாத்திருக்கீங்களா என்று கேட்டான்.

"எங்க அறை வெடிச்ச அன்னைக்கு நான் லீவு" என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் அவள் எழுந்தாள். மேடத்திடம் கேட்காமலே வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில், பஸ் நிற்கும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் போகும் பஸ் வந்து போயிருந்தது, ஏறாமல் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"லீவுன்னு மட்டும் சொன்னீக. உங்க எடத்துல யாரு உக்காந்தான்னு சொல்லலயே?" என்றாள்.

"நீ வகுப்புக்குள்ள இருந்தயேம்மா."

"அதனாலதான் கேக்கேன்." பிறகு குரலை இறக்கினாள். "கம்பெனிக்காரங்க மாத்தி உக்கார வச்சாங்கன்னு சொல்றாங்க. அம்மா அப்படிச் சொன்னவுடனே கேக்குற ஆளு இல்ல. உங்களுக்குத் தெரியும். யாரு உக்காரச் சொன்னது?"

இந்தக் கேள்விக்காக நான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். அப்படி எதற்கும் நான் காத்திருக்கவில்லை. ஆனால் கேள்வி வந்ததும் பதில் தானாக வந்துவிட்டது.

"நான்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை வேன்ல வச்சு. மொதல்ல முடியாதுன்னா. திரி அறைன்னா எனக்குப் பயம்க்கா, பளகலன்னா. இறங்குற எடத்துல திரும்பவும் கேட்டேன். சரி போயிட்டு வாங்கன்னா."

"ரெண்டு தடவ கேட்டீகளா?"

"ரெண்டு தடவ."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அடுத்த பஸ் வந்தது. அவள் ஏறி, முன்பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். நான் அந்த பஸ்ஸில் போகவில்லை. அதற்கடுத்த பஸ்ஸில் போனேன்.

வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் இதைச் சொன்னேன். அவருக்கும் அதுவரை தெரியாது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். நாளைக்குக் காலேஜுக்குப் போறயா என்று மட்டும் கேட்டார். போவேன் என்றேன். அவர் மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தார்.

ஒரு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது பழையபடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்குள் ஒன்றும் மாறிவிடவில்லை. ஒருநாள் நோட்டில் ஒரு வரைபடத்தை நான் மூன்றாவது தடவையாக அழித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்தவள் என் பெஞ்சருகே நின்று பார்த்தாள். பென்சிலை வாங்கி, கோட்டை எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு புரியாத இடத்தில் நோட்டை அவள் பக்கம் நீட்டுவேன். போட்டுத் தருவாள். பாடம் தவிர வேறு பேச்சு கிடையாது. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. அப்படிக் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

இரண்டாம் வருஷம் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். பட்டாசு வேலையை விட்டு நின்ற பெண்களைப் பற்றி அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேள்விப் படிவக் கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ள வாம்மா, சாப்பிட்டயா என்றேன். சாப்பிட்டேன், டீ போதும் என்றாள்.

வயது, படிப்பு, எத்தனை வருஷ வேலை, என்ன பிரிவு என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள். வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் கல்யாணம், உடல்நிலை, விபத்து, மற்றவை என்று நாலு கட்டம் இருந்தது. என்ன போட என்று கேட்டாள்.

இத்தனை நாளில் முதல் தடவையாக உடம்பில் எங்கோ ஒரு இடம் வலித்தது. "உங்கம்மா செத்துப் போனதால" என்றேன்.

அவள் கட்டம் எதிலும் குறிக்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்து, தாளைப் புரட்டி, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

டீயைக் குடித்துவிட்டு, அச்சங்குளத்தில் இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி இருக்கு, தனியாகப் போனால் யாரும் வாயைத் திறக்க மாட்டேன்கிறாங்க என்றாள். "நீங்க வந்தா பேசுவாங்க, பெரியம்மா."

நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த ஞாயிறும் அடுத்த இரண்டு ஞாயிறும் அவளோடு வீடு வீடாகப் போனேன். பிழைத்த அந்த ஒருத்தியின் வீட்டுக்கும் போனோம்.

அவள் முதல் வகுப்பில் தேறி, இப்போது மதுரையில் பி.எட். படிக்கிறாள். நான் இரண்டாம் வகுப்பு. பட்டம் வாங்க மேடைக்குப் போகவில்லை. சாத்தூரில் ஒரு டுடோரியலில், தனித்தேர்வாகப் பத்தாவது எழுதும் பெண்களுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாதிப் பேர் வேனிலிருந்து இறங்கி நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். லீவு கிடைக்காமல் வகுப்பைத் தவறவிட்டவர்கள் அடுத்த முறை வரும்போது, விட்டதை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறேன்.