காலிக் கேமரா

திண்டிவனத்துக்காரரான ஓர் இயக்குநர் வேலை செய்வதை ஆவணப்படமாக எடுக்க, எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கேமராவோடு விழுப்புரத்தில் பஸ் இறங்கினேன். அவருக்கு நடிகர்கள் வேண்டாம், செட் வேண்டாம், கேமராவையும் அவரே பிடிப்பார். சென்னையில் அவரைப் பைத்தியம் என்றார்கள். அந்தப் பைத்தியத்தைப் படம்பிடிக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

கெடார் கிராமத்துப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வயல். கூலிக்கு வந்த பெண்கள்தான் நடிகைகள். முதல் இரண்டு நாளும் அவர் பிலிம் போடாமலே கேமராவை ஓட்டினார். "பொட்டிய பார்த்துப் பார்த்து அவங்களுக்குச் சலிச்சுப் போவணும்மா. அப்பதான் மூஞ்சி மூஞ்சியா இருக்கும்," என்று என் காதோடு சொல்லிச் சிரித்தார். என்ன மூளை என்று பூரித்துப்போனேன்! என்னிடம் இருந்த கறுப்புப் பை எதற்கென்று ஓர் அம்மா கேட்டார். வெளிச்சம் படாமல் அதற்குள் கையை விட்டுத்தான் பிலிம் ஏற்ற வேண்டும் என்று விளக்கினேன். அதோடு அதை மறந்தும்விட்டேன்.

மூன்றாம் நாள் வயலில் நாலு வரிசைச் செடிதான் பாக்கி. கூலிக்காரி ஒருத்தி மேஸ்திரியின் காலடியில் செடியை வீசிவிட்டு வேலையை உதறிப் போகும் காட்சி. படமே அதில்தான் நிற்கிறது. செடி தீர்ந்தால் மறுபடி எடுக்க வழியே இல்லை. நான் பைக்குள் கைவிட்டுத் துழாவி என் கேமராவுக்குப் பிலிம் ஏற்றினேன். அவர் வரப்பில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஜல்தி, ஜல்தி! ஓட்டிட்டேன்!"

பை பற்றிக் கேட்ட அதே அம்மா எழுந்தார். மண் தெறிக்கச் செடியை உதறி விட்டெறிந்தார். பிறகு இயக்குநருக்கு முதுகைக் காட்டிவிட்டு நேராக என்னை நோக்கி நடந்தார். அந்த முகத்தில் இருந்த கோபம்! இயக்குநரை எடுக்க வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோனது. என் கேமரா தானாக அந்த அம்மா பக்கம் திரும்பிவிட்டது.

"இந்தப் பக்கம் திரும்பும்மா!" என்று இயக்குநர் கத்தியது வீணாகப் போயிற்று.

முடிந்ததும், பிலிம் அளவு காட்டும் முள் நகரவே இல்லை என்று பார்த்து அவர் தன் கேமராவைத் திறந்தார். உள்ளே பிலிம் இல்லை. இரண்டு நாள் பழக்கம், போட மறந்திருந்தார். வரப்பில் தொப்பென்று உட்கார்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு," என்றார்.

"ஒண்ணும் போவல சார்," என்றார் அந்த அம்மா. "உங்க பொட்டி காலின்னு எங்களுக்குத் தெரியும். இன்னிக்குக் கறுப்புப் பையில கைய உட்டது இந்தப் பொண்ணுதான். அதான் அங்க திரும்பினேன்."

எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. நான் எடுத்த சுருள் அவர் படத்துக்கே போனது. அவரைப் பற்றிய என் படத்தில் அவருடைய மிகப் பெரிய காட்சியின்போது அவரே இல்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்து கேட்டார். "அப்ப ரெண்டு நாளா தெரிஞ்சிக்கினேவா நடிச்சீங்க?"

"இன்னா பண்றது சார். வெய்யில்ல நின்னுக்கினு சும்மா ஓட்டிக்கினு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு."